டயாம்ஃபிடியா: அம்பு நஞ்சு வண்டை அடையாளம் கண்டு வகைப்படுத்த முழுமையான வழிகாட்டி

டயாம்ஃபிடியா என்ற பெயர் பெரும்பாலும் நஞ்சின் வழியாகத்தான் காதில் விழுகிறது. தெற்கு ஆப்பிரிக்காவின் சான் வேட்டைக்காரர்கள் அம்பில் தடவும் நஞ்சு இந்த வண்டின் புழுவிலிருந்து வருகிறது. வகைப்பாட்டுக்காரருக்குத் தலைவலி தொடங்குவதும் அங்கேதான். நஞ்சு தருவது மண்ணுக்கடியில் கூட்டுக்குள் கிடக்கும் புழு. இனங்களுக்குப் பெயர் வைத்ததோ இலைமேல் உட்கார்ந்திருக்கும் முழு வண்டைப் பார்த்து. இவற்றுக்கு நடுவே பழைய நஞ்சியல் கட்டுரைகள் வேறு பெயர்களைப் போட்டு வைத்திருக்கின்றன. கூடு, வண்டு, மரம், பெயர் ஆகிய நான்கும் ஒரே உயிரைத்தான் குறிக்கின்றன என்று காட்டாத வரை, எழுதும் இனப்பெயர் வெறும் ஊகம்தான். கீழே உள்ள படிகள் எல்லாம் அந்த நான்கையும் ஒரே எண்ணின் கீழ் கட்டி வைப்பதற்காகவே.

முதலில் முகவரி

வண்டுகளின் வரிசை கோலியாப்டெரா. அதில் பாலிஃபேகா என்ற துணைவரிசை, இலை வண்டுகளின் குடும்பமான கிரைசோமெலிடே, கேலருசினே என்ற துணைக்குடும்பம், ஆல்டிசினி என்ற குலம், டயாம்ஃபிடியா என்ற பேரினம். துணைக்குடும்பத்துக்கும் பேரினத்துக்கும் இடையில் வரும் 'டிரைப்' என்ற படியைத்தான் இங்கே குலம் என்கிறோம். ஈற்றைப் பார்த்தாலே படி தெரியும்: 'இடே' என்றால் குடும்பம், 'இனே' என்றால் துணைக்குடும்பம், 'இனி' என்றால் குலம்.

பழைய நூல்களைத் திறந்தால் இந்த முகவரி மாறியிருக்கும். ஆல்டிசினி குலத்துத் தாவும் வண்டுகளான தெள்ளு வண்டுகளை ஹால்டிசினே அல்லது ஆல்டிசினே என்று தனித் துணைக்குடும்பமாக வைத்திருப்பார்கள். 1982இல் வந்த இலை வண்டுப் பேரினப் பட்டியலிலும் அப்படித்தான். 2011இல் வெளியான கோலியாப்டெரா குடும்பப் பெயர்த் தொகுப்பு அவற்றைக் கேலருசினேவுக்குள் ஒரு குலமாக வைத்தது. இன்று பெரும்பாலானோர் பின்பற்றுவது இதையே. ஆகவே 'ஆல்டிசினே' என்று எழுதிய லேபிளைக் கண்டால் பிழை என்று கிழித்துப் போடாதீர்கள். அந்தக் காலத்தின் கருத்து அது. பழைய லேபிள் ஊசியிலேயே இருக்கட்டும், புதியதை அதன் கீழே குத்துங்கள்.

ஆல்டிசினிக்குள் 'பிளெஃபாரிடா குழு' என்று ஒரு கூட்டம் உண்டு. அதிகாரபூர்வப் படி இல்லை, ஆய்வாளர்கள் வசதிக்காகப் புழங்கும் பெயர். பிளெஃபாரிடா, பாலிகிளாடா, டயாம்ஃபிடியா, ஆசியாவின் போடோன்டியா எல்லாம் இதில் அடங்கும். தெள்ளு வண்டுகளில் பெரும்பாலானவை சில மில்லிமீட்டர்தான். இந்தக் கூட்டத்தில் உருவம் பெரிது. புழுக்கள் தங்கள் எச்சத்தையே முதுகில் சுமக்கும். உணவு பெரும்பாலும் மா, முந்திரி அடங்கிய அனகார்டியேசி குடும்பமும், கிளுவை, சாம்பிராணி அடங்கிய பர்சரேசி குடும்பமும். களத்தில் எங்கே தேடுவது என்பதை இந்தச் செடித் தொடர்பே பாதி சொல்லிவிடும்.

பேரினத்துக்குப் பெயர் வைத்தவர் ஜெர்மன் பூச்சியியலாளர் கெர்ஸ்டெக்கர், ஆண்டு 1855. மொசாம்பிக்கில் பீட்டர்ஸ் சேகரித்து பெர்லினுக்கு அனுப்பிய பூச்சிகளிலிருந்து இது வந்தது. மாதிரி இனம், அதாவது பேரினப் பெயர் நிரந்தரமாகக் கட்டப்பட்டிருக்கும் இனம், டயாம்ஃபிடியா ஃபெமோராலிஸ். நஞ்சுக்குப் பேர்போன நைக்ரோஆர்னாட்டா பின்னால் வந்தது. அதற்குப் பெயரிட்டவர் ஸ்வீடன் பூச்சியியலாளர் ஸ்டால். 'டயாம்ஃபிடியா என்றால் எது' என்ற சண்டை வந்தால் தீர்ப்பு சொல்லும் தகுதி ஃபெமோராலிஸுக்கே உண்டு, புகழ் பெற்ற நைக்ரோஆர்னாட்டாவுக்கு அல்ல.

படி 1: அனுமதி

இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மொத்த உழைப்பும் வீண். நமீபியாவில் ஆய்வு அனுமதி தேசிய ஆராய்ச்சி, அறிவியல், தொழில்நுட்ப ஆணையத்தின் வழியாக வருகிறது. உயிரின, மரபு வளங்களையும் அவற்றோடு பிணைந்த பாரம்பரிய அறிவையும் பற்றி 2017இல் அந்த நாடு ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. அந்தக் கடைசிச் சொற்றொடரைக் கவனியுங்கள். கூடு எந்த மரத்தடியில், எந்த ஆழத்தில் கிடைக்கும் என்று சான் மக்களில் ஒரு பிரிவான ஜூஹோவான்சியைச் சேர்ந்த ஒரு வேட்டைக்காரர் காட்டித் தந்தால், நீங்கள் பெற்றது பூச்சியை மட்டுமல்ல, அறிவையும்தான். அதற்குத் தனி ஒப்புதல் வேண்டும், பயன்பகிர்வு பேசப்பட வேண்டும். மரபு வளங்களின் பயன்பகிர்வு பற்றி 2014 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு ஒப்பந்தமான நகோயா நெறிமுறையும் இதையே சொல்கிறது. தென்னாப்பிரிக்காவில் 2004ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டம் பொருந்தும்.

சேகரிப்பு அனுமதி, ஏற்றுமதி அனுமதி, டிஎன்ஏ எடுக்க அனுமதி ஆகிய மூன்றும் வேறு வேறு தாள்களாக இருக்கக்கூடும். மூன்றின் எண்களையும் களக் குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். இதழ்களும் அருங்காட்சியகங்களும் பின்னால் கேட்கும்.

படி 2: பாதுகாப்பு

நஞ்சின் பெயர் டயாம்ஃபோடாக்சின். புழுவின் உடல்திரவத்தில் உள்ள ஒரு புரதம் அது. செல்லின் சவ்வைச் சிறிய அயனிகளுக்குத் திறந்துவிடுவதால் இரத்தச் சிவப்பணுக்கள் உப்பி உடைகின்றன. வேலை செய்ய அது இரத்தத்தோடு கலக்க வேண்டும். சும்மா கூட்டைத் தொட்டால் ஆபத்தில்லை. ஆபத்து, புழுவைக் குத்திய ஊசி உங்கள் விரலில் ஏறுவதுதான். ஆய்வு மேசையில் அது நடக்க ஒரு நொடி போதும்.

- புழுவையோ கூட்டையோ திறக்கும்போது நைட்ரைல் கையுறை இரட்டையாகப் போடுங்கள். விரலில் வெட்டோ உரசலோ இருந்தால் அன்று அந்த வேலை வேண்டாம்.
- பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அழுத்தினால் திரவம் பீச்சும்.
- கூட்டை விரலால் பிடித்து வெட்டாதீர்கள். மெழுகுத் தட்டில் பதித்து, மழுங்கிய இடுக்கியால் பிடியுங்கள்.
- புழுவுக்குப் பயன்படுத்திய ஊசி, பிளேடு, இடுக்கி தனி டப்பாவில் இருக்கட்டும். முழு வண்டைப் பிரிக்கும் கருவிகளோடு கலக்காதீர்கள்.

உலர்ந்த மாதிரி பாதுகாப்பானது என்று நினைக்க வேண்டாம். அம்பில் காய்ந்த நிலையில்தான் அந்த நஞ்சு விலங்கை வீழ்த்துகிறது. முனை யாரையும் கீறிவிடாதபடி அதை முனையில் தடவாமல் அதற்குப் பின்னால் உள்ள தண்டில் தடவுவது சான் வேட்டைக்காரர்களின் வழக்கம். அந்த எச்சரிக்கையை நாமும் எடுத்துக்கொள்ளலாம்.

படி 3: மரத்தில் தேடுதல்

வடகிழக்கு நமீபியாவில் மழை பெரும்பாலும் நவம்பர் முதல் ஏப்ரல் வரை. காமிஃபோரா பேரினத்துக் கிளுவை மரங்கள் அப்போதுதான் இலை விடும், வண்டும் அப்போதுதான் வெளியே வரும். வறண்ட மாதங்களில் போனால் கிடைப்பது மொட்டை மரமும் மண்ணுக்கடியில் உள்ள கூடும்தான்.

முட்டையைக் கிளையில் தேடுங்கள். தாய் வண்டு முட்டைக் குவியலைத் தன் எச்சத்தால் மூடிவிடும். பார்வைக்கு ஏதோ சேறு ஒட்டியது போல இருக்கும். பலர் தாண்டிப் போவது இதனால்தான். புழுவும் அப்படியே. ஆசனவாய் முதுகுப்புறமாகத் திறப்பதால் வெளியேறும் எச்சம் முதுகில் ஏறிப் படிகிறது. ஈரமான பசைக் கட்டி ஒன்று இலை ஓரத்தில் நகர்ந்தால் அதைக் கழுவிவிடாமல் முதலில் படம் எடுங்கள். அந்தப் போர்வையின் வடிவமும் வகைப்பாட்டுக்குப் பயன்படும் தகவல். அதன் பிறகு ஒன்றிரண்டை மட்டும் நீரில் கழுவி உடலைப் பாருங்கள்.

ஒரு மரத்திலிருந்து எடுக்க வேண்டியவை: ஆணும் பெண்ணுமாக ஐந்தாறு வண்டுகள், வெவ்வேறு வளர்ச்சி நிலையில் சில புழுக்கள், இலையும் காயும் உள்ள ஒரு கிளை. கிளையை மறந்துவிடுபவர்களே அதிகம். காமிஃபோரா இனங்களைப் பட்டையை மட்டும் பார்த்துப் பிரிப்பது தாவரவியலாளருக்கே சிரமம். கிளையைச் செய்தித்தாளில் அழுத்தி, வண்டுக்குக் கொடுத்த அதே எண்ணைக் கொடுத்து ஹெர்பேரியத்துக்கு (உலர்தாவரத் தொகுப்பகத்துக்கு) அனுப்புங்கள். பக்கத்தில் மருலா மரம் நின்றால் அதையும் பாருங்கள். அதில் கிடைப்பது பாலிகிளாடாவாக இருக்கலாம். அதுவும் நஞ்சுக்குப் பயன்பட்ட வண்டுதான். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டால் அப்புறம் புழுக்களைப் பிரிக்க முடியாது.

உயிரோடு இருக்கும்போதே நிறத்தைப் படம் பிடியுங்கள். இலை வண்டின் மஞ்சளும் ஆரஞ்சும் செத்த பின் பழுப்பாகிவிடும். கூட்டிலிருந்து புதிதாக வெளிவந்த வண்டுக்கோ நிறமே முழுதாக ஏறியிருக்காது. அப்படி வெளிறிய வண்டைப் புது இனம் என்று எழுதி மாட்டிக்கொண்டவர்கள் பூச்சியியலில் நிறைய. இறக்கை உறை மெத்தென்று அமுங்கினால் அது இளம் வண்டு, நிறத்தை நம்பாதீர்கள்.

படி 4: மண்ணிலிருந்து கூடு

முதிர்ந்த புழு மரத்தை விட்டு இறங்கி மண்ணைத் துளைத்துப் போகிறது. அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை தோண்ட வேண்டியிருக்கும். மணலைச் சேர்த்து ஒட்டி அது கட்டும் முட்டை வடிவக் கூடு, பார்க்கக் கெட்டியான மண் உருண்டை போலவே இருக்கும். மண்ணை அள்ளி சல்லடையில் போட்டு மெதுவாக ஆட்டுங்கள். மண்கட்டி விரலில் நொறுங்கும், கூடு நொறுங்காது.

மரத்தின் அடியிலிருந்து தூரம், ஆழம், திசை மூன்றையும் ஒவ்வொரு கூட்டுக்கும் குறியுங்கள். வேரை வெட்டாதீர்கள். தோண்டிய குழியை மூடிவிட்டு வாருங்கள்.

கூட்டுக்குள் புழு உடனே கூட்டுப்புழுவாகாது. உறங்கிய நிலையில் ஆண்டுக் கணக்கில் கிடக்கலாம். அதனால்தான் 'கூட்டை வீட்டில் வைத்து வளர்த்து, வண்டு வந்ததும் பார்த்துக்கொள்ளலாம்' என்ற திட்டம் பெரும்பாலும் பலிப்பதில்லை. இருந்தாலும் முயல வேண்டும். பத்துக் கூடு கிடைத்தால் மூன்றை மட்டும் திறங்கள். ஏழைத் தனித்தனிக் குப்பியில், எடுத்த இடத்து மணலிலேயே புதைத்து, மூடியில் சிறு துளை போட்டு இருட்டில் வையுங்கள். அங்கே மழைக்காலம் வரும் மாதங்களில் மணலின் அடிப்பகுதி மட்டும் ஈரமாகும்படி சில சொட்டு நீர் விடுங்கள். கேடு செய்வது பெரும்பாலும் அதிக ஈரம்தான். பூஞ்சை பிடித்தால் ஒரு வாரத்தில் எல்லாம் போய்விடும். ஆண்டு முழுவதும் வறட்சியாகவே வைத்தாலும் வண்டு வராது.

இனி திறக்கும் மூன்று. கூட்டை மெழுகில் பாதி பதியுங்கள். நுண்ணோக்கியின் கீழ், நீளவாக்கில் ஒரு பக்கம் மட்டும் கூரிய பிளேடால் மணல் மணலாகச் சுரண்டி ஒரு சன்னல் திறங்கள். நடுவில் வெட்டினால் புழுவும் சேர்ந்து வெட்டுப்படும். சன்னல் வழியே கொழுத்த, வெளிறிய, வளைந்து படுத்த ஒரே புழு தெரிந்தால் அது டயாம்ஃபிடியாவாக இருக்க வாய்ப்பு அதிகம். சுருங்கிப்போன தோலும் அதை ஒட்டி இன்னொரு உயிரும் தெரிந்தால், அது லெபிஸ்டினா.

லெபிஸ்டினா ஒரு தரை வண்டு, கராபிடே குடும்பம். அதன் புழு டயாம்ஃபிடியாவின் கூட்டுக்குள் புகுந்து அதைத் தின்றே வளர்கிறது. நஞ்சு எடுப்பவர்கள் இதையும் பயன்படுத்துவதாகப் பதிவுகள் உண்டு. இதை அறியாமல் கூட்டிலிருந்து வெளிவந்த வண்டை அப்படியே டயாம்ஃபிடியா என்று எழுதினால் பேரினம் மட்டுமல்ல, துணைவரிசையே தப்பு. சரிபார்க்க வண்டைக் கவிழ்த்துப் போடுங்கள். பின்கால் அடிக்கணு வயிற்றின் முதல் தகட்டை இரண்டாக வெட்டிக்கொண்டு போனால் தரை வண்டு. பாதத்தில் ஐந்து கணுக்களும் மறைவின்றித் தெரியும். இறக்கை உறையின் நுனி வெட்டியது போல நின்று வயிற்றின் முனை வெளியே தெரியும்.

படி 5: கொல்லுதல், பதப்படுத்துதல்

முழு வண்டை எத்தில் அசிடேட் ஆவியில் கொல்லலாம். ஆனால் அது டிஎன்ஏவைக் கெடுக்கும். ஆகவே சில வண்டுகளை நேராக 96 சதவீத எத்தனாலில் போட்டு குளிரில், முடிந்தால் மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். புழுவுக்கு வேறு முறை: கொதிக்கும் நிலைக்குச் சற்றுக் கீழே உள்ள நீரில் ஒரு நிமிடம் விட்டு, பிறகு 80 சதவீத எத்தனாலுக்கு மாற்றுங்கள். நேராக எத்தனாலில் போட்ட புழு கறுத்துச் சுருங்கும். உரோமங்களை எண்ணவே முடியாது. டிஎன்ஏவுக்கான புழுவை வெந்நீரில் போடாமல் தனியே எடுத்து வையுங்கள்.

சுமார் ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள வண்டு என்பதால் நேராகவே ஊசி குத்தலாம். வலது இறக்கை உறையின் முன்பகுதியில் குத்துங்கள், நடுக்கோட்டில் வேண்டாம். ஊசி கீழே இறங்கும்போது நடுக்காலையோ பின்காலையோ கழற்றிவிடக் கூடாது. பின்கால் இல்லாத தெள்ளு வண்டு வகைப்பாட்டுக்குப் பாதிப் பிணம்.

படி 6: மேசையில், குடும்பத்திலிருந்து பேரினம் வரை

குடும்பம். பாதத்தை மேலிருந்து பாருங்கள். நான்கு கணுதான் தெரியும். உண்மையில் ஐந்து, இரு மடலாக விரிந்த மூன்றாவது கணுவின் பள்ளத்தில் குட்டியாக நான்காவது ஒளிந்திருக்கும். உணர்கொம்பில் 11 கணுக்கள், முனை குண்டாகாது. மூன்றே பாதக் கணு தெரிந்து உணர்கொம்பு முனை தடித்திருந்தால் பொறிவண்டு. உணர்கொம்பு உடல் நீளத்துக்கு வளர்ந்து, கண்ணை ஒட்டிய மேட்டிலிருந்து கிளம்பினால் நீள்கொம்பு வண்டு.

துணைக்குடும்பம். தலையை நேர் முன்னாலிருந்து பாருங்கள். இரண்டு உணர்கொம்புகளும் எங்கிருந்து கிளம்புகின்றன? கண்களுக்கு நடுவே, ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் கேலருசினே. அகன்று விலகி, தாடையின் அடிக்குப் பக்கத்தில் இருந்தால் கிரைசோமெலினே. உருளைக்கிழங்கைத் தின்னும் கொலராடோ வண்டு அந்தப் பக்கம். உருவமும் புள்ளிக் கோடும் மேலோட்டமாக ஒத்துப்போவதால் படத்தை மட்டும் பார்ப்பவர்கள் இரண்டையும் குழப்புவார்கள். இந்த ஒரு பார்வை போதும், குழப்பம் தீரும்.

குலம். இதற்குத்தான் நேரம் செலவிட வேண்டும். தெள்ளு வண்டு தாவுவதற்குப் பின்தொடைக்குள் ஒரு வில் இருக்கிறது. பூச்சியியலாளர் மௌலிக் இதை 1929இல் விவரித்ததால் மௌலிக் உறுப்பு என்றும் சொல்வார்கள். தொடை பருத்திருப்பதை மட்டும் வைத்து ஆல்டிசினி என்று முடிவு செய்யக் கூடாது. பயறு வண்டுக்கும் தொடை பருமன் உண்டு, வில் கிடையாது. தொடை அவ்வளவு பருக்காத வண்டில் வில் இருப்பதும் உண்டு. எனவே ஒரு மாதிரியையாவது திறந்து பார்த்துவிடுங்கள்:

1. வண்டை 60 டிகிரி நீரில் பதினைந்து இருபது நிமிடம் ஊற வைத்து, வலது பின்காலை அடியோடு மெதுவாக இழுத்து எடுங்கள்.
2. 100 மில்லி நீரில் 10 கிராம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைத்த கரைசலில் காலைப் போட்டு, சூடான நீர்க்குளியலில் பத்து நிமிடம் வையுங்கள். கொதிக்க விடாதீர்கள்.
3. வெறும் நீரில் கழுவி, பிறகு சில சொட்டு வினிகர் விட்ட நீரில் அலசுங்கள்.
4. கிளிசரின் துளியில் வைத்து, கணைக்கால் சேரும் முனைக்குப் பக்கத்தில் தொடையின் பக்கவாட்டுச் சுவரை இரண்டு நுண்ணூசிகளால் கிழியுங்கள்.

தசை கரைந்து உள்ளே வெறுமையாக இருக்கும். வில் கரையாது. பழுப்பு மஞ்சள் நிறத்தில், ஓரம் சுருண்டு கொக்கி போல மடிந்த தகடு ஒன்று தசைநாணோடு தொங்கும். ஊசியால் தொட்டால் வளைந்து திரும்பி வரும். அதன் வளைவு, மடலின் நீளம் இவற்றை பக்கவாட்டில் படம் எடுங்கள். குழுக்களை ஒப்பிடுபவர்களுக்கு அது தேவைப்படும். ஒன்றுமே கிடைக்காவிட்டால் 'வில் இல்லை' என்று எழுதுவதற்கு முன் கரைசலில் மிதக்கும் துண்டுகளைப் பாருங்கள். காலை இழுத்தபோது தொடையின் முனை உடைந்திருந்தால் வில் வெளியே விழுந்திருக்கும்.

கேலருசினிக்கும் ஆல்டிசினிக்கும் நடுவில் எங்கே வைப்பது என்று தெரியாத பேரினங்கள் சில உண்டு. நல்லவேளை, டயாம்ஃபிடியா அந்தப் பட்டியலில் இல்லை.

பேரினம். பிளெஃபாரிடா குழுவுக்குள் வந்த பின் முதலில் ஒதுக்க வேண்டியது பாலிகிளாடா. 'பல கிளை' என்ற பெயருக்கேற்ப ஆணின் உணர்கொம்பில் ஒவ்வொரு கணுவிலிருந்தும் சீப்புப் பல் போலக் கிளை நீளும். டயாம்ஃபிடியாவின் கொம்பு நூல் போலக் கிளையின்றி இருக்கும். சிக்கல் என்னவென்றால் பாலிகிளாடாவின் பெண்ணுக்கு அந்தக் கிளைகள் இவ்வளவு நீளாது. எனவே ஒற்றைப் பெண் வண்டை வைத்துப் பேரினம் எழுதாதீர்கள். அதே மரத்தில் ஆணையும் தேடுங்கள்.

அடுத்தது பிளெஃபாரிடா. நடு, பின் கணைக்கால்களின் வெளியோரத்தில், முனைக்குச் சற்று முன்னால் ஒரு வெட்டும், அதில் கண்ணிமை முடி போல வரிசையாக உரோமமும் இருக்கிறதா பாருங்கள். பேரினப் பெயரே அந்த இமைமுடியைத்தான் குறிக்கிறது. ஆனால் நெருங்கிய பேரினங்களில் ஒரே அடையாளத்தை மட்டும் நம்புவது ஆபத்து. கணைக்கால், முன்மார்புக் கவசத்தின் ஓரம், நகத்தின் பிளவு, இறக்கை உறையின் புள்ளிக் குழிகள் வரிசையாக உள்ளனவா சிதறியுள்ளனவா என்ற நான்கையும் குறித்துக்கொண்டு, கெர்ஸ்டெக்கரின் விளக்கத்தோடும் உறுதியாகப் பெயரிடப்பட்ட மாதிரிகளோடும் ஒப்பிடுங்கள். நிறத்தைக் கடைசியில் பாருங்கள்.

படி 7: இனம்

நிறக்கோலம் இந்தப் பேரினத்தில் ஏமாற்றும். ஒரே மரத்தில் எடுத்த வண்டுகளிலேயே கறுப்புத் திட்டு சிலவற்றில் பிரிந்தும் சிலவற்றில் இணைந்தும் இருக்கும். எனவே இனப்பெருக்க உறுப்பைப் பாருங்கள். ஊறிய வண்டின் வயிற்றைக் கழற்றி, அதே 10 சதவீதக் கரைசலில் அறை வெப்பத்தில் ஓர் இரவு வையுங்கள். சூட்டில் பத்து நிமிடத்தில் முடிக்கலாம்தான், ஆனால் பெண்ணின் விந்துப்பை மெல்லியது. அவசரப்பட்டால் அதன் குழாய் நிறமிழந்து கண்ணுக்கே தெரியாமல் போகும். போய்விட்டால் குளோராசால் பிளாக் சாயத்தை ஒரு துளி விட்டு மீட்கலாம்.

ஆணின் உறுப்பை மேலிருந்தும் பக்கவாட்டிலும் வரையுங்கள். நுனியின் வளைவு பக்கவாட்டில்தான் தெரியும். ஓர் இடத்தில் ஐந்து ஆண்களையாவது பார்த்த பிறகே 'வேறுபாடு' என்ற சொல்லை எழுதுங்கள். பிரித்த உறுப்பைக் கிளிசரின் நிரப்பிய நுண்குப்பியில் இட்டு, வண்டின் ஊசியிலேயே குத்தி வையுங்கள். வேறு பெட்டியில் வைத்த உறுப்பு பத்து ஆண்டில் அனாதையாகிவிடும்.

படி 8: புழுவையும் வண்டையும் டிஎன்ஏவால் இணைத்தல்

கூடு ஆண்டுக் கணக்கில் விழிக்காத பேரினத்தில், புழு எந்த இனம் என்று சொல்லக் கைவசம் உள்ள சுருக்கமான வழி மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள சிஓஐ என்ற மரபணுவின் 658 எழுத்துத் துண்டு. வண்டிலிருந்து நடுக்காலில் ஒன்று போதும். புழுவிலிருந்து தலையோ காலோ எடுங்கள், குடலைத் தொடாதீர்கள்.

இங்கே கெடுவது மூன்று விதம். கூட்டுக்குள் இருந்த புழுவில் லெபிஸ்டினா ஒட்டியிருந்தால் தரை வண்டின் வரிசை வந்து நிற்கும். இதைப் பிழையாகப் பார்க்காதீர்கள், ஒட்டுண்ணி பற்றிய பதிவு உங்களுக்குச் சும்மா கிடைத்திருக்கிறது. இரண்டாவது, அந்த மரபணுவின், செல்லின் உட்கருவுக்குள் குடிபுகுந்த பொய்ப் பிரதி. வரிசையை முதுகெலும்பற்றவற்றின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில் மொழிபெயர்த்துப் பாருங்கள். நடுவில் நிறுத்தக் குறி வந்தால் அது பொய்ப் பிரதி. மூன்றாவது, பொதுத் தரவுத்தளத்தில் உள்ள பெயரே தவறாக இருப்பது. 99 சதவீதம் ஒத்துப்போகிறது என்று கணினி சொன்னால், அந்தப் பதிவுக்கு அடையாள மாதிரி எங்கே இருக்கிறது, யார் பெயரிட்டார் என்று பாருங்கள். இரண்டும் இல்லாத பதிவை நம்பிப் பெயர் எழுதக் கூடாது.

படி 9: பெயரை எழுதுதல்

பழைய நூல்களில் 'நைக்ரோ-ஆர்னாட்டா' என்று நடுவில் கோடு போட்டிருக்கும். விலங்கியல் பெயரிடல் விதிப்படி அந்தக் கோட்டை எடுத்துவிட்டு ஒரே சொல்லாக எழுத வேண்டும். பேரினம் பெண்பால் என்பதால் அடைமொழியும் 'ஆர்னாட்டா' என்றே வரும், 'ஆர்னாட்டஸ்' வராது.

ஆசிரியர் பெயரை அடைப்புக்குறிக்குள் போடுவது அலங்காரமல்ல. இனத்தை முதலில் வேறு பேரினத்தில் வைத்து, பின்னால் யாரோ மாற்றியிருந்தால் மட்டுமே அடைப்புக்குறி. கொலராடோ வண்டுக்கு அமெரிக்கப் பூச்சியியலாளர் தாமஸ் சே 1824இல் பெயரிட்டபோது டோரிஃபோரா என்ற பேரினத்தில் வைத்தார், இன்று அது லெப்டினோடார்சா. அதனால் அவர் பெயர் அடைப்புக்குறிக்குள் வருகிறது. ஃபெமோராலிஸ் முதலிலிருந்தே டயாம்ஃபிடியாவில் இருப்பதால் கெர்ஸ்டெக்கருக்கு அடைப்புக்குறி கிடையாது.

1890களின் ஜெர்மன் நஞ்சியல் கட்டுரைகளில் 'டயாம்ஃபிடியா லோகஸ்டா' என்ற பெயர் வரும். அந்தக் காலத்துக்கு அருகிலுள்ள வேறு எழுத்துகளில் 'சிம்ப்ளெக்ஸ்' வரும். அந்த வேதியியலாளர்கள் கையில் இருந்தவை பெரும்பாலும் புழுவும் கூடும். அவர்கள் எழுதிய இனப்பெயரை இன்றைய பட்டியலில் நேராக மாற்றிப் போட்டு, 'இந்த இனத்தில் இவ்வளவு நஞ்சு' என்று மேற்கோள் காட்டாதீர்கள். 'லோகஸ்டா என்ற பெயரில் ஆய்வு செய்யப்பட்ட புழு' என்று எழுதுவதே நேர்மை.

சந்தேகம் மிஞ்சினால் டயாம்ஃபிடியா என்று மட்டும் எழுதி, இனப்பெயருக்கு இடத்தில் 'எஸ்பி.' என்று போடுங்கள். நைக்ரோஆர்னாட்டா போல இருக்கிறது ஆனால் உறுதியில்லை என்றால் நடுவே 'சிஎஃப்.' சேருங்கள். அரைகுறை இனப்பெயர் தரவுத்தளத்துக்குள் போய்விட்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு.

படி 10: மாதிரி ஒப்பீடும் ஒப்படைப்பும்

புது இனம் என்று தோன்றினால் மூல மாதிரிகளைப் பார்க்காமல் எழுத முடியாது. கெர்ஸ்டெக்கரின் பொருள்களுக்கு பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும், ஸ்டால் விவரித்த பொருள்களுக்கு ஸ்டாக்ஹோமில் உள்ள ஸ்வீடன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் முதலில் கேளுங்கள். படம் கேட்டால் மேல், பக்கவாட்டு, அடிப்பக்கம், லேபிள்கள் எல்லாம் தனித்தனியே கேளுங்கள். லேபிள் படம் இல்லாத மூல மாதிரிப் படம் பயனற்றது. ஒப்பீட்டுக்குப் பிரிட்டோரியாவின் தேசியப் பூச்சித் தொகுப்பும், விண்ட்ஹூக்கில் உள்ள நமீபிய தேசிய அருங்காட்சியகமும், டெர்வூரனில் உள்ள மத்திய ஆப்பிரிக்க அருங்காட்சியகமும் உதவும்.

புது இனப்பெயர் கட்டப்படும் ஒற்றை மாதிரியான ஹோலோடைப், சேகரித்த நாட்டிலேயே இருப்பது நல்லது; பல அனுமதிகளில் அது நிபந்தனையாகவே வரும். அமிலமற்ற தாளில் லேபிள் அச்சிடுங்கள். முதல் லேபிளில் நாடு, வட்டாரம், இடம், தசம பாகையில் அட்சரேகை தீர்க்கரேகை, உயரம், நாள், சேகரித்தவர். இரண்டாவதில் மரத்தின் இனம், ஹெர்பேரிய எண், மரத்திலிருந்து எடுத்ததா மண்ணிலிருந்து எடுத்ததா, மண் என்றால் எவ்வளவு ஆழம். மூன்றாவதில் பெயர், பெயரிட்டவர், ஆண்டு. மாதத்தை ரோமன் எண்ணில் எழுதுங்கள். 3/4 என்று எழுதினால் அது மார்ச்சா ஏப்ரலா என்று அடுத்தவருக்குத் தெரியாது. கூட்டிலிருந்து வண்டு வெளிவந்திருந்தால், உடைந்த கூட்டையும் தூக்கிப் போடாமல் ஜெலட்டின் உறையில் இட்டு, அதே ஊசியில், வண்டுக்கு நேர் கீழே குத்தி வையுங்கள்.